நான்கு பக்கமும் தேக்கு

ஜனவரி 4, ஞாயிறு

இன்று எனக்காகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டில் எங்கள் மாதிரி ரயில் சங்கக் கூட்டம். அண்ணாச்சி நிஜ ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலையும் பச்சைக்கொடியையும் மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கூட்டம் தொடங்கவும் விசில், முடிக்கவும் விசில். பாளையங்கோட்டையில் எங்களைப் போல எட்டுப் பேர் இருக்கிறோம். தலை நரைத்தும் பொம்மை ரயில் விடுகிறவர்கள் என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? ஆளுக்கு ஒரு மேசை. மேசைமேல் தண்டவாளம், ஸ்டேஷன், மரம், மலை. வருஷத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி முதல் ஞாயிறன்று, ஒரு பள்ளிக்கூட ஹாலில் எட்டு மேசைகளையும் முனையோடு முனை ஒட்டிப்போட்டு, ஊர் சனம் பார்க்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரயில் விடுவோம். தொடரோட்டம் என்று பெயர்.

போன தொடரோட்டத்தில் தேவஇரக்கத்தின் எஞ்சின் என் மேசையிலிருந்து கீழே விழுந்தது. பித்தளைத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து அவரே செய்த நீராவி எஞ்சின் மாதிரி, ஓடுவது மின்சாரத்தில்தான். அவர் மேசையிலிருந்து என் மேசைக்குள் நுழைகிற இடத்தில் தடம் புரண்டு, என் மேசையின் ஓரத்தில் உருண்டு, சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்து புகைபோக்கி வளைந்துபோயிற்று. விளிம்பில் தடுப்பு வைக்காத என்மேல்தான் தப்பு என்றார். மேசைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளாம்பை அவர் ஒழுங்காக முறுக்கவில்லை, மேசை ஆடியது என்றேன். அவர் இன்னும் ஒன்று சொன்னார். நான் இன்னும் நாலு சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். நட்டம் அவருக்குத்தான்.

இன்றைய சட்டம் இது. மேசையின் விளிம்பை ஒழுங்காக முடித்து, தடுப்பு வைத்திருக்க வேண்டும். அண்ணாச்சி வீடு வீடாக வந்து பார்ப்பார். தேறாத மேசைக்குத் தொடரோட்டத்தில் இடமில்லை. இடமில்லாதவருக்குச் சங்கத்திலும் இடமில்லை.

“என்ன நறும்பூநாதன், சம்மதம்தான?” என்று என்னை மட்டும் கேட்டார். தேவஇரக்கம் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மதம் என்றேன். சங்கம் போனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு எனக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது. என்னென்ன என்று யோசித்து எழுத வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் நாற்காலியில் என்னைவிட இளையவர் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த நோட்டு போதாது.

ஜனவரி 7, புதன்

கல்லூரி முடிந்து வண்ணார்பேட்டைக்குப் போய் மரப் பட்டை வாங்கினேன். கடைக்காரர்கள் பீடிங் என்பார்கள். மேசை விளிம்பில் ஒட்டுகிற மெல்லிய மரச் சட்டம். மலிவான மரத்தைக் காட்டினார். தேக்கு எடுங்கள் என்றேன்.

“எந்தப் பக்கத்துக்கு சார்?”

“நாலு பக்கத்துக்கும்.”

“கட்டிலா சார்?”

“ரயில்.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பசை, தலையில்லாத சின்ன ஆணி, பொந்தை அடைக்கிற பட்டி, உப்புத்தாள் எல்லாம் தானாகவே எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பட்டை வில்லாக வளைந்திருக்கிறது. அந்தக் கடையை நான் மறக்கமாட்டேன்.

ஜனவரி 10, சனி

விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினேன். பிளைவுட் பலகையை மேலிருந்து பார்த்தால் கண்ணியமான மரம். விளிம்பில் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரிகிறது. அடுக்கடுக்காக ஏடுகள், நடுநடுவே பொந்து. என் சக ஆசிரியர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

பொந்துகளில் பட்டியை அப்பிக் காயவிட்டு, உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் மேல் ஏடு பிய்ந்துகொண்டு வரும். உள்ளங்கையில் சிலாம்பு ஏறிவிட்டது. என் மனைவி வடிவு ஊக்கை எடுத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வலிக்கிறது என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

“கண்ணாடிய மாத்துங்கன்னு எத்தன மாசமா சொல்லுதேன். பலகையில நீட்டிக்கிட்டு இருக்கது தெரியலல்லா?”

“மாத்தத்தான செஞ்சேன்.”

“யாருகிட்ட? ஜங்ஷன் பக்கத்துல யாரோ ஒருத்தன்கிட்ட. தேவஇரக்கம் அண்ணன் கடை நாலு தெரு தள்ளி இருக்கு.”

தேவஇரக்கம் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். என் முதல் வெள்ளெழுத்துக் கண்ணாடியிலிருந்து எல்லாம் அவர் போட்டதுதான். அதனால் என்ன, ஊரில் வேறு கடையே இல்லையா? புதுக் கண்ணாடியும் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது.

“ஆ!” என்றேன்.

“வந்துட்டு,” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

மூலையில் இரண்டு பட்டைகள் சேருகிற இடத்தில் சாய்வாக வெட்ட வேண்டும். இரண்டு சாய்வும் சேர்ந்தால் கோடு மட்டும் தெரியவேண்டும். வெட்டினேன். ஒரு சாய்வு உள்பக்கமாகவும் இன்னொன்று வெளிப்பக்கமாகவும் போய்விட்டது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ரம்பம் சரியில்லை. வெளிச்சமும் சரியில்லை.

இரண்டாவது பட்டையை வெட்டும்போது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வெட்டினேன். சரியாக வந்தது. வடிவு சமையலறையிலிருந்து, “யாரு வந்திருக்கா?” என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

அண்ணாச்சி போன் செய்தார். மேசைகளின் வரிசையை முடிவு செய்துவிட்டாராம்.

“நீரு கடைசிவே. எட்டாவது.”

“ஏழாவது யாரு?”

“தேவஇரக்கம்.”

“அண்ணாச்சி, வேணும்னே செய்யுதீங்களா?”

“மேசையில ஊர் இருக்குல்லாவே, அந்த வரிசைப்படிதான் போடணும். அவரு மேசையில ஆறு. ஒம்ம மேசையில கடற்கரை. ஆறு எங்கன போயிச் சேரும்? மலைக்கா?”

போனை வைத்தேன். பூகோளமும் எனக்கு எதிராகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பனங்கிழங்கு தின்று வாயெல்லாம் நார். வடிவின் தம்பி குடும்பத்தோடு வந்து, “அத்தான், ரயில் எங்க போகுது?” என்று போன பொங்கலுக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அதே சிரிப்பைச் சிரித்தான். போன தடவையே நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 17, சனி

இரண்டு நீளப் பக்கமும் முடிந்தன. பட்டை மேசை மட்டத்துக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கிறது. என் டீசல் எஞ்சினை வேண்டுமென்றே தடம் புரட்டி உருட்டிவிட்டேன். பட்டையில் மோதி, சாய்ந்து, அப்படியே நின்றது. இன்னும் ஐந்தாறு முறை உருட்டினேன். ஒருமுறைகூட விழவில்லை. போன வருஷம் இது இருந்திருந்தால் என்று வடிவு ஆரம்பித்தாள். டீ கேட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது இரண்டு குறுக்கு முனைகள். கடற்கரைப் பக்கத்து முனையில் ரயில் முடிந்துவிடுகிறது, அங்கே தடுப்பு அவசியம். மற்ற முனை தேவஇரக்கத்தின் மேசையோடு ஒட்டப்போகிறது. மேசையைத் தூக்கும்போதும் ஒட்டும்போதும் முதலில் அடிபடுவது முனைதான். அங்கே பிளைவுட்டை வெறுமனே விட்டால் நாளைக்கு ஓர் ஏடு பிய்ந்தாலும், “பாத்தியளா, அன்னைக்கே சொன்னேன்” என்பார். விடமாட்டேன். நான்கு பக்கமும் தேக்கு.

ஜனவரி 18, ஞாயிறு

வடிவும் தேவஇரக்கத்தின் மனைவி கனியும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் சண்டையை அவர்கள் இருவரும் மதிக்கவே இல்லை. இன்றைக்கு வந்த செய்தி:

“அங்கயும் அண்ணன் மரத்த ஒட்டிக்கிட்டுதான் இருக்காவளாம். வீடெல்லாம் பசை நாத்தம்னு கனி தலையில அடிச்சிக்கிடுதா.”

“என்ன மரமாம்?”

“நான் என்னத்தக் கண்டேன்?”

“எவ்வளவு கனமாம்?”

“ஏங்க, நீங்களே போன் பண்ணிக் கேளுங்களேன்.”

சாயங்காலம் அந்த முனைக்கு மட்டும் இன்னும் கனமான தேக்குப் பட்டை வாங்கி வந்தேன். வளைந்த பட்டை தந்த கடையில்தான். வேறு கடை திறந்திருக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

முனைப் பட்டையின் நடுவில் தண்டவாளத்துக்கு ஒரு வாசல் வெட்டினேன். அதன் அடியை மேசை மட்டத்துக்குச் சரியாக இழைத்திருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாக நான் ஆராய்ச்சிக் கட்டுரைகூட எழுதியதில்லை. அந்தக் கட்டுரையை நிராகரித்தவர்களின் பெயர்கள் எனக்கு இன்னும் தெரியும்.

ஜனவரி 22, வியாழன்

வார்னிஷ் முதல் பூச்சு. வடிவு தும்முகிறாள். ஜன்னலைத் திறந்தால் தூசி ஒட்டும் என்றேன். நீங்க வேணா உள்ள இருங்க என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 24, சனி

காய்ந்த பூச்சை நுண்ணிய தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டாவது பூச்சும் நேற்றே முடித்துவிட்டேன். இன்று அண்ணாச்சி ஆய்வுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து, விளிம்பின் மேலேயே இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். எங்கேயாவது சிலாம்பு இருந்தால் பஞ்சு நூலாகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை. நான் மூச்சு விடாமல் நின்றேன் என்று வடிவு சொல்கிறாள். அது வார்னிஷ் வாசனையால்.

தேவஇரக்கத்தின் பக்கத்து முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பட்டையின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தார். குனிந்து வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இந்தப் பக்கமும் போட்டிருக்கீரோ?”

“நாலு பக்கமும் போட்டிருக்கேன் அண்ணாச்சி. நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லப்படாதுல்லா.”

“அதான. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றவருக்கு இருமல் வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்க இருமினார். வடிவு தண்ணீர் கொண்டுவந்தாள். பாவம், வயதானவர், மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை.

“பாஸ்வே,” என்றார் கடைசியில்.

“ஏழாவது மேசை?” என்று சும்மா கேட்டேன்.

“அதுவும் பாஸ். அதுவும் ரொம்பப் பத்திரமாத்தான் இருக்கு.” மறுபடி இருமல்.

அவர் போனதும் வடிவு பாயசம் வைத்தாள். எதற்கு என்றேன். “நீங்க பாஸாயிட்டியள்லா,” என்றாள். நான் எத்தனையோ தேர்வுகளில் முதல் வகுப்பில் தேறியவன். இதெல்லாம் ஒரு விஷயமா? இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். பால் வாங்கப் போகும்போது தேவஇரக்கத்தின் கடை பூட்டியிருந்தது. அது பால்பூத்துக்குப் போகிற வழி இல்லை என்று வடிவு சொன்னாள். நடை உடம்புக்கு நல்லது.

ஜனவரி 31, சனி

மேசையின் காலைக் கழற்றி, விளிம்பு நான்கிலும் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டி வைத்தேன். வடிவின் நல்ல போர்வையாம். கட்டிய பிறகு சொல்கிறாள்.

நாளைக்கு மேசையை ஏற்றிப்போகக் குட்டியானை வண்டி சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதற்றம் ஒன்றுமில்லை. சட்டையைத் தேய்த்து வைத்தேன். பிறகு வேறு சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

ஹாலுக்கு நான் போனபோது ஏழு மேசைகளும் ஒட்டி முடித்திருந்தார்கள். மலையில் ஆரம்பித்து, தேயிலைத் தோட்டம், அணை, வயல், ஊர் என்று இறங்கி, ஏழாவதில் தேவஇரக்கத்தின் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். கவனித்ததால் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

நானும் குட்டியானைக்காரரும் என் மேசையை நிறுத்தி, தள்ளிக்கொண்டுபோய் ஏழாவதோடு சேர்த்தோம். என் தேக்கு அவருடைய மரத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தது. ஒரு தாள் நுழையாது. ஆகா என்று நினைத்துக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்தேன்.

தண்டவாளம் சேரவில்லை.

என் தண்டவாளம் பழையபடி பிளைவுட்டின் முனையில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் என் பட்டையின் கனம், வெறும் மரம். அதை ஒட்டி அவர் பட்டையின் கனம், அதுவும் வெறும் மரம். அதற்கு அப்பால்தான் அவர் தண்டவாளம். அவரும் முனையில் தடுப்பு வைத்து, அவரும் அழகாக வாசல் வெட்டி வைத்திருக்கிறார். இரண்டு வாசலும் நேருக்கு நேர் திறந்திருக்க, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ரயில் போக வழியில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

“என்னவே இது?”

“நீரு என்னத்தவே ஒட்டி வச்சிருக்கீரு?”

“தடுப்பு.”

எனக்குச் சந்தேகம் வந்து அவர் மேசையின் மறு முனையைப் போய்ப் பார்த்தேன். அங்கே பட்டை இல்லை. ஆறாவது மேசையோடு பிளைவுட்டும் பிளைவுட்டுமாகச் சேர்ந்திருந்தது.

“அங்கன இல்ல. என் பக்கத்துக்கு மட்டும் தடுப்பா?”

“போன வருசம் எந்தப் பக்கம்வே விழுந்திச்சி?”

“அதுக்கு என் மேச என்ன, கொள்ளைக்காரன் வீடா?”

“நீரு மட்டும்? இம்மாங் கனத்துக்குக் கோட்டச் சொவரு கட்டிக் கொண்டாந்திருக்கீரு! எவன்வே ஒம்ம கோட்டைய முற்றுகை போட வாரான்? ஹிஸ்டரி புரொபசருன்னா இப்பிடியா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு இருமல் வந்துவிட்டது. ஹாலில் மரத்தூள் ஒன்றும் இல்லை.

பட்டையைப் பெயர்த்து எடுத்துவிடலாமே என்றார் ஒருவர். அவசரத்தில் நெம்பினால் பிளைவுட் ஏட்டோடு வந்துவிடும், தண்டவாளத்தின் முனையும் ஆடிவிடும் என்று தேவஇரக்கமும் நானும் ஒரே குரலில் சொன்னோம். பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

அப்போது ஐந்தாவது மேசைக்காரர், எனக்கு ஒருபோதும் பிடிக்காதவர், சொன்னார்:

“தேவஇரக்கம் மேசையோட முடிச்சிக்கிடலாம் அண்ணாச்சி. ஏழு போதும். சனம் வர ஆரம்பிச்சிட்டு.”

உண்மைதான். அவர் மேசையோடு முடித்தால் எந்தக் குறையும் இல்லை. அவர் முனையில் தடுப்புகூட இருக்கிறது, ரயில் அங்கே நின்று திரும்பிவிடும். வெளியே போவது நான் மட்டும்தான். அண்ணாச்சி தேவஇரக்கத்தைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றுமில்லை. குட்டியானைக்காரர் இன்னும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்று போர்வையை எடுத்து மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி மடித்தேன்.

“இரும்வே,” என்றார் தேவஇரக்கம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். கண்ணாடிக்கு வருகிறவர்களுக்கு இரண்டு கண்மணிக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிற ஸ்கேல். ஞாயிற்றுக்கிழமையும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் அவர் ஒருவர்தான். என் தண்டவாளத்துக்கும் அவர் தண்டவாளத்துக்கும் நடுவே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார்.

“துண்டுத் தண்டவாளம் வச்சிருக்கீரா?”

வைத்திருந்தேன். நான் எப்போதும் வைத்திருப்பேன். அவரிடம் வெட்டுகிற குறடு இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன், அவர் வெட்டினார். வெட்டிய முனையை நான் அரத்தால் தேய்த்தேன்.

“இன்னும் தேயும். பிசிறு நிக்கிது.”

“தெரியுது, தெரியுது.”

“எங்க தெரியுது? மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிச்சிக்கிட்டு இருக்கீரு. எந்தப் பய குடுத்தான் இந்தக் கண்ணாடிய? என் கடை என்ன எரிஞ்சா போச்சி?”

இன்னும் நாலு இழுப்பு தேய்த்தேன். சொல்வதற்கு நல்ல பதில் இருந்தது, சமயத்தில் வரவில்லை.

துண்டு இரண்டு வாசல்களுக்கும் நடுவே, இரண்டு பட்டைகளின் மேலும் பாதிப் பாதியாக உட்கார்ந்தது. முதலில் என் டீசல் எஞ்சினை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. சோதனை என்றால் மலிவான எஞ்சினை வைத்துச் செய்வதுதான் முறை. பித்தளை எஞ்சின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. டீசல் ஆற்றைக் கடந்தது, துண்டின்மேல் ஏறியது, நின்றுவிட்டது. வெட்டுத் துண்டு தளர்வாக இருந்ததால் மின்சாரம் ஏறவில்லை.

தேவஇரக்கம் தன் பக்கத்து இணைப்பை விரலால் அழுத்தினார். அசையவில்லை. நான் என் பக்கத்தை அழுத்தினேன். ஓடியது. அவர் விரலை எடுத்தார், நின்றது. நான் விரலை எடுத்தேன், நின்றது. இரண்டு பேரும் அழுத்தினால் மட்டும் ஓடுகிறது.

“அப்ப ரெண்டு பேரும் அங்கனயே நில்லுங்க,” என்றார் அண்ணாச்சி. “எஞ்சினை நான் ஓட்டுதேன்.”

அதற்குள் சனம் வந்துவிட்டது. தேவஇரக்கம் பெட்டியைத் திறந்து பித்தளை எஞ்சினை எடுத்தார். புகைபோக்கியை நிமிர்த்தியிருந்தார். உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு சுளுக்கு தெரியும். நான் உற்றுப் பார்க்கவில்லை.

“இதையா விடப்போறீரு?” என்றேன்.

“பின்ன? ஒம்ம டீசலைப் பாக்கவா இவ்வளவு பேரும் வந்திருக்கா?”

கொண்டுபோய் மலையில் வைத்துவிட்டு ஓடி வந்து விரலை வைத்தார். அண்ணாச்சி விசில் ஊதிப் பச்சைக்கொடியைக் காட்டினார். எஞ்சின் மலையில் கிளம்பி, நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, மேசை மேசையாக இறங்கி வந்தது. நாங்கள் இருவரும் எதிரெதிரே குனிந்து, ஆளுக்கு ஒரு விரலால் அழுத்திக்கொண்டு காத்திருந்தோம். தலைகள் முட்டிக்கொள்ளாத குறை. அவரிடம் அதே தலைவலித் தைல வாசனை.

“கிளாம்பு ஒழுங்கா முறுக்கியிருக்கீரா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நீரே முறுக்கிப் பாரும்.”

“விரல எடுத்தா நின்னுருமே.”

“அப்ப பொத்திக்கிட்டு இரும்.”

எஞ்சின் எங்கள் விரல்களுக்கு நடுவே வந்தது. துண்டின்மேல் ‘டடக்’ என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவருடைய மற்றொரு கையும் என்னுடைய மற்றொரு கையும் ஒரே நேரத்தில் எஞ்சினைத் தாங்கப் போய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. சாய்ந்த எஞ்சின் தானாகவே நிமிர்ந்து, என் கடற்கரைக்குள் போய்விட்டது. கைகளை எடுத்துக்கொண்டோம்.

சாயங்காலம்வரை முப்பது நாற்பது தடவை ஓடியிருக்கும். அத்தனை தடவையும் நாங்கள் இருவரும் குனிந்தே நின்றோம். வடிவும் கனியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்கு ஒன்று கொடுக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கடைசியில் கனி வந்து ஆளுக்கொன்றை வாயில் வைத்துவிட்டுப் போனாள்.

முதுகு உடைந்துவிட்டது. இதற்குமேல் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

கல்லூரியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். அவர் கேட்டதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

நாலு தெரு தள்ளிப் போய் வாங்கிய புதுக் கண்ணாடி. சிலாம்பு, தூசி, வார்னிஷில் ஒட்டிய ஒரு கொசு, எல்லாம் தெரிகின்றன. கொசுவை அண்ணாச்சியும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணாச்சி சட்டத்தைத் திருத்திவிட்டார். இனி நீளப் பக்கங்களில் மட்டும் தடுப்பு. மேசைகள் ஒட்டுகிற முனையில் பட்டை இருக்கக்கூடாது. அடுத்த ஓட்டத்துக்குள் கழற்றிவிட வேண்டும். எங்கள் இருவருக்கு மட்டும்தான் இந்தத் திருத்தம்.

காலையில் உளியை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் நிதானமாகச் சூடு காட்டி, நுனியிலிருந்து நெம்பினால் வந்துவிடும். ஒரு மணி நேர வேலை. உளியைத் தீட்டினேன். தீட்டிவிட்டுப் பேப்பர் படித்தேன்.

“கழத்தலையா?” என்றாள் வடிவு.

“அவ்வளவு சுலபமில்ல. பிளைவுட்டு பிஞ்சிரும்.”

“சூடு காட்டினா வந்துரும்னு நேத்து நீங்கதான சொன்னிய?”

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொள்ளவே கூடாது.

மத்தியானம் தேவஇரக்கத்தின் போன்.

“கழத்திட்டீராவே?”

“இல்ல. நீரு?”

“எங்க? உளிய வச்சாலே பிளைவுட்டு பிய்யுது.”

“வச்சிப் பாத்தீரா?”

“வச்சாப் பிய்யும்.”

“ஆமா, பிஞ்சிரும்,” என்றேன். “தேக்கு வேற. எனக்கும் பிய்யும்.”

“அப்ப அண்ணாச்சிட்ட சொல்லீருவோமா?”

“நீரே சொல்லும்.”

சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி எனக்குப் போன் செய்து விசில் இல்லாமலே விசில் ஊதினார். பட்டையைக் கழற்றாவிட்டால் இனிமேல் எங்கள் இரண்டு மேசைகளும் வேறு எந்த மேசையோடும் சேராது, ஒன்றோடொன்றுதான் சேரும், சாகிறவரைக்கும் ஏழாவதும் எட்டாவதுமாகத்தான் கிடக்கவேண்டும், பிறகு இடத்தை மாற்று என்று வந்து நிற்கக்கூடாது என்றார். கண்டிப்பாகத்தான் சொன்னார். தண்டனை என்றால் தண்டனைதான். ஏற்றுக்கொண்டேன்.

இனி அந்த வெட்டுத் துண்டை விரலால் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அடிக்கட்டை, சல்லிக்கல் எல்லாம் வைத்து ஒழுங்காகச் செய்து, கம்பி பற்றவைக்க வேண்டும். சல்லி அவருடைய ஆற்றுமணல் நிறத்திலா, என்னுடைய கடற்கரை நிறத்திலா என்று இப்போதே தகராறு. அடுத்த ஞாயிறு பற்றவைக்கிற கோலை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறாராம். அதற்குள் அந்தக் கொசுவைச் சுரண்டி எடுத்து, முனைக்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். கண்ணில் பட்டால் வருஷம் முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.